கெட்டிமேளம் கேட்டதும் இலை போடு

நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரை உடைத்துப் பார்ப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். தலை நரைத்துவிட்டது. புத்தி மட்டும் இன்னும் "இதை இப்படி அமுக்கினால் என்ன ஆகும்?" என்றே அலைந்துகொண்டிருக்கிறது. வீட்டில் புது மிக்ஸி வாங்கினால் மூடியைச் சரியாகப் போடாமல் ஓட்டிப் பார்க்கிறாள் என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "டிசைன் பேட்டர்ன் எல்லாம் புரோகிராம் எழுதுறவங்களுக்குத்தானே மேடம்? டெஸ்டருக்கு எதுக்கு?" அதற்குப் பதிலாக ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1. போர்டில் ஒரு தவில்

பெரிய கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு, தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். கீழே பிளவுஸ் தைக்கும் கடை, மேலே நாங்கள். தையல் மெஷின் சத்தம் நாள் முழுக்கத் தரை வழியாக ஏறி வரும். எம்.டி. சண்முகம் சார் தென்காசிப் பக்கத்துக்காரர். குடும்பத்துக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை. இவர் மட்டும் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கக் கிளம்பிவிட்டார்.

முதல் நாள் நான் உள்ளே போனபோது ஒரு பையன் ஒயிட்போர்டில் தவில் படம் வரைந்துகொண்டிருந்தான். பையன் என்றால் பையனில்லை, முப்பது தாண்டியவன், பெயர் வினோத். பட்டினப்பாக்கத்தில் வளர்ந்தவன். ஓ.எம்.ஆரில் நல்ல கம்பெனி வேலையை உதறிவிட்டு, சொந்தமாக ஒரு புராடக்ட் செய்ய வேண்டும் என்ற வெறியோடு இங்கே வந்தவன். அந்தப் புராடக்ட்டின் பெயர் "பந்தி". கல்யாணச் சமையல் கான்டிராக்டர்களுக்கானது.

"நீதான் புது டெஸ்டரா? வாக்கா, குந்து. அப்சர்வர் பேட்டர்ன் தெரியுமா உனுக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேன். சொல்லு."

"கல்யாணத்துல வாத்தியார் கையத் தூக்கினு கெட்டிமேளம்னு கத்துவாரு. தவில்காரர் அடிப்பாரு. அத்தக் கேட்டு இன்னா இன்னா நடக்குது?"

எனக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் உயிர். யோசித்துச் சொன்னேன். உட்கார்ந்திருப்பவர்கள் அட்சதை போடுவார்கள். போட்டோகிராபர் குனிவார். சமையல்கட்டில் சாதம் வடிப்பார்கள். டைனிங் ஹாலில் இலை போடுவார்கள். வாசலில் தாம்பூலப் பை கொடுக்கிற பெண்கள் தயாராவார்கள்.

"கரீட்டு. தவில்காரருக்கு இவங்க யாரையாவது தெரியுமா? தெரியாது. அவரு வேலை அடிக்கிறது. கேக்குறவன் கேட்டுட்டு அவனவன் வேலையப் பாக்குறான். நாளைக்குப் புதுசா ஐஸ்கிரீம் ஸ்டால்காரன் வந்தா, தவில்காரர் மாறணுமா? தேவையே இல்ல. இவன் காத வெச்சுக் கேட்டா போதும். அதான் அப்சர்வர்."

நான் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. எனக்கு அவனை அங்கேயே பிடித்துவிட்டது.

பேட்டர்ன் என்று ஏதோ மந்திரம்போலச் சொல்கிறார்களே, அது ஒன்றுமில்லை. ஒரே மாதிரிச் சிக்கல் பல ஊரில் பல பேருக்கு வருகிறது. ஆளாளுக்கு அடிபட்டு, கடைசியில் ஏறக்குறைய ஒரே மாதிரித் தீர்வுக்கு வந்து சேர்கிறார்கள். யாரோ அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். பெயர் வைத்ததுதான் பெரிய காரியம். "ரசம் வை" என்றால் போதும், புளியைக் கரை, பருப்புத் தண்ணீரை விடு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டாமே, அதுபோல.

அதே நாளில் சிங்கிள்டன் என்பதையும் சொன்னான். கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் அதில் வார்த்தெடுக்கிற பொருள். ஒரு கிளாஸிலிருந்து எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் உண்டாக்கலாம். சிங்கிள்டன் என்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். யார் கேட்டாலும் அந்த ஒன்றையே கொடுக்கும்.

"நம்ம ஆபீஸ் வாட்டர் கேன் மாதிரி. எவன் டம்ளர நீட்னாலும் அதே கேனுதான்."

"கேன் காலியானா?"

"அக்கா, முதல் நாளேவா?" என்று கும்பிட்டான்.

2. மாமியின் சட்டம்

பந்தியை முதலில் வாங்கிப் பார்க்க ஒப்புக்கொண்டவர் அலமேலு மாமி. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் வீடு. மாமியின் கையால் கல்யாணச் சாப்பாடு என்றால் முகூர்த்தத் தேதியை மாமியைக் கேட்டுக்கொண்டு வைக்கிற குடும்பங்கள் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய, குரலை உயர்த்தாமலே எல்லாரையும் ஓட வைக்கிற பெண்மணி.

சண்முகம் சார் எங்களை அனுப்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். "வினோத், இந்தப் புராடக்ட்டுக்கு நானும் எவ்வளவோ பொறுத்துப் பாத்துட்டேன். அந்த அம்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டா ஊரு பூரா வாங்கும். அவங்க வேண்டாம்னுட்டா மூடிருவோம். நீ பில்லிங் பக்கம் வந்துரு தம்பி."

வினோத் தலையாட்டினான். படி இறங்கும்போது, "பில்லிங்குக்கு வர்றதுக்கா அந்த வேலைய வுட்டேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுடைய இரண்டு வருட உழைப்பு மாமியின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, கல்யாணத்தன்று தன் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் மாமி ஹாலில் நிற்பார். கட்டியதும் சமையல்கட்டுக்கு ஒரு போன், இலை போடுகிறவர்களுக்கு ஒரு போன், பரிமாறுகிறவர்களுக்கு ஒரு போன். யாராவது எடுக்காவிட்டால் மாமியே மாடிப்படி இறங்கி ஓடுவார்.

"முழங்கால் போயிடுத்து. அதான் உங்களைக் கூப்பிட்டேன். தாலி கட்டினதும் ஒரு தரம் அமுக்கினா எல்லாருக்கும் போகணும். முடியுமோ?"

"அதான் மாமி எங்க வேலையே" என்றான் வினோத்.

நான் என் கேள்விகளை எடுத்துவிட்டேன். கரண்ட் போனால்? ஆள் மாறினால்? மழை வந்தால்? மாமி சளைக்காமல் பதில் சொன்னார். "ஒரே நாளில் ரெண்டு கல்யாணம் வந்தா மாமி?" என்றும் கேட்டேன்.

"வராது. ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தான் எடுத்துப்பேன். ரெண்டு எடுத்துண்டா ரெண்டும் கெடும். எங்க மாமனார் காலத்துலேர்ந்து அதான் சட்டம்."

வினோத்தின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு சமையல்கட்டு, ஒரு குழு, ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம். அந்த வாரமே "கல்யாணம்" என்ற கிளாஸை சிங்கிள்டனாக எழுதி முடித்தான். எழுதியதற்கு மேலே படிக்கிறவர்களுக்கான குறிப்பாக ஒரு வரி வேறு: "ஒருத்தனுக்கு ஒரு தபாதான் கல்யாணம்." நானும் படித்துவிட்டுச் சிரித்தேன்.

3. பார்த்த இடமெல்லாம்

அந்த மாதங்களில் எனக்குப் பேட்டர்ன் பைத்தியம் பிடித்திருந்தது. அசோக் நகரிலிருந்து ஆபீஸ் வர எனக்குப் பல வழி. மெட்ரோ, பஸ், ஷேர் ஆட்டோ, அவசரமென்றால் கணவரின் ஸ்கூட்டர். போகிற இடம் ஒன்று, போகிற விதத்தை மட்டும் நேரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறேன். இதற்கு ஸ்ட்ராட்டஜி என்று பெயர் என்று தெரிந்ததும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடியே கணவரிடம் சொன்னேன். "ஸ்ட்ராட்டஜி மேடம் இறங்கணும், நான் திரும்பிப் போகணும்" என்றார் அவர்.

டெகரேட்டர் இன்னும் சுவாரசியம். ஒரு பொருளை மாற்றாமல் அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது. சாதா தோசை, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் நெய். எத்தனை சேர்த்தாலும் அது தோசைதான், தோசை என்று கேட்டால் கொடுத்துவிடலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வினோத்தும் நானும் இதையே பேசிக்கொண்டிருப்போம். தயிர் சாதத்தில் மாதுளை போட்டால் டெகரேட்டரா, இல்லை அது வேறு கிளாஸா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. இன்றுவரை தீரவில்லை.

பந்தியில் ஸ்டேட் என்ற பேட்டர்னும் இருந்தது. ஒரு வரிசை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்றபடி சாஃப்ட்வேர் நடந்துகொள்ளும். இலை போட்டாச்சு, பரிமாறுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், எழுந்தாச்சு. வினோத் முதலில் எழுதியதில், சாப்பிட ஆரம்பித்துக் குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் "இலை எடுக்கலாம்" என்று தானாக வந்துவிடும்.

"வினோத், மோருக்குக் காத்திருக்கிறவர் இலையை எடுத்துடுவியா?"

"எவ்ளோ நேரம்க்கா ஒருத்தன் மோருக்கு வெயிட் பண்ணுவான்?"

"என் மாமனாரோட உட்கார்ந்து சாப்பிட்டுப் பார். அவருக்கு மோர் சாதம் மூணு தரம்."

"உனுக்கு வேற வேலையே இல்லியாக்கா?" என்று முனகிக்கொண்டே, எழுந்ததை ஆள் பார்த்து அமுக்கும்படி மாற்றினான். நான் பிழை கண்டுபிடித்தால் அவன் முனகுவான், மாற்றுவான், சாயங்காலம் டீ வாங்கித் தருவான். ஆனால் ஒரு நாளும் அவனாக வந்து "என்ன தப்பு இருக்கு, பார்த்துச் சொல்லு" என்று கேட்டதில்லை. புரோகிராமர்கள் அப்படித்தான். கேட்டால் நாம் சொல்லிவிடுவோமே என்று பயம்.

4. மேலே ஊஞ்சல், கீழே தாலி

பந்தி முதன்முதலாக ஓடப்போகும் கல்யாணம் அடையாறில் ஒரு மண்டபத்தில். மாடியில் பெரிய ஹால், கீழே சின்ன ஹால், பின்னால் சமையல்கட்டும் டைனிங் ஹாலும். முந்தின நாள் வினோத் பெரிய ஹாலில் தொங்கிய டி.வி.யையும் பந்தியோடு இணைத்துவிட்டிருந்தான். தாலி கட்டியாச்சு என்று அமுக்கினால், "முதல் பந்தி ஆரம்பம், சாப்பிட வாருங்கள்" என்று டி.வி.யில் பெரிதாக வரும்.

"ஒரு வரிகூட மாத்தலக்கா. புதுசா ஒரு ஆளு காத வெச்சுக் கேக்குது, அவ்ளோதான்" என்று பூரித்துப்போய்ச் சொன்னான்.

காலையில் நான் பெரிய ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வினோத் டைனிங் ஹாலில். மாமி மேடையருகே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊஞ்சல் முடிந்தது. பெண் கூறைப் புடவை கட்டிக்கொண்டு வர உள்ளே போனாள். இந்த இடைவெளி எப்படி இருக்கும் என்று கல்யாணத்துக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் மணியைப் பார்ப்பார்கள்.

திடீரென்று கெட்டிமேளம் கேட்டது.

பின்வரிசையில் பேச்சு மும்முரத்தில் இருந்த சிலர் பழக்கதோஷத்தில் மேடையைப் பார்த்து அட்சதையை வீசினார்கள். மேடையில் பெண்ணே இல்லை. மாப்பிள்ளை மட்டும் தலையில் விழுந்த அரிசியைத் தட்டிக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சத்தம் மாடிப்படி வழியாகக் கீழேயிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதற்குள் டி.வி. பளிச்சென்று மின்னியது. "முதல் பந்தி ஆரம்பம், சாப்பிட வாருங்கள்."

கெட்டிமேளமும் கேட்டாயிற்று, டி.வி.யும் அழைத்தாயிற்று. இதற்குமேல் நம் ஜனங்களுக்கு என்ன வேண்டும்? நாற்காலிகள் சரசரவென்று நகர்ந்தன. முன்வரிசைக்காரர்கள், "இன்னும் கட்டலையே" என்று முதலில் தயங்கினார்கள். பின்னாலிருந்து கூட்டம் எழுந்ததைப் பார்த்து, முதல் பந்தியில் இடம் போய்விடுமே என்று அவர்களும் கிளம்பினார்கள்.

நான் கீழே ஓடினேன். சின்ன ஹாலை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு வயதான தம்பதி, தலை ஈரம் காயாமல், மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் வரிசையாக விழுந்து நமஸ்காரம் செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் மாமியின் சூப்பர்வைசர் குமார், கையில் போனோடு.

"நீங்களா அமுக்கினீங்க?"

"ஆமா மேடம். தாலி கட்டினதும் அமுக்கணும்னு மாமிதானே சொல்லிக் குடுத்தாங்க. கட்டினாரு, அமுக்கினேன்." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

டைனிங் ஹாலில் இலை போட்டு, ஓரத்தில் பாயசமும் வைத்தாகிவிட்டது. முதல் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். வினோத் சுவரோடு சுவராக நின்றான். நான் விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மாமி, குமாரு ரெண்டு பேரும் ஒரே ஆப்ஜெக்ட்டுக்குச் சொல்லிக்கினு கீறாங்கக்கா. அதான் ஒண்ணுதானே கீது. சிங்கிள்டன்."

அப்போது மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் கேட்டேவிட்டேன். "மாமி, ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தான்னு சொன்னீங்களே!"

"ஒரு கல்யாணம்தானே எடுத்துண்டிருக்கேன்? கீழ நடக்கறது கல்யாணமா? சஷ்டியப்தபூர்த்தின்னா! கொஞ்சம் பேர், நெருங்கின மனுஷா, கேட்டா, சரின்னேன்."

அறுபது முடிந்த மனிதர் தன் மனைவிக்கே மறுபடியும் தாலி கட்டுகிற விசேஷம். மாமியின் கணக்கில் அது கல்யாணமே இல்லை. எங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரிந்ததோ தாலி மட்டும்தான். அந்த நெருக்கடியிலும், அடடா, இது என் மண்டையில் உதிக்கவில்லையே என்று ஒரு வியப்பு வந்தது. வியப்பதற்கு நேரமில்லை.

"மைக்ல சொல்லி எல்லாரையும் திரும்பி மேல அனுப்பிடலாம் மாமி" என்றான் வினோத்.

"இலைல உக்காந்தவாளை எழுப்பறதா?" மாமியின் குரல் அப்போதும் உயரவில்லை. "சம்பந்தியாத்துப் பெரியவர் உக்காந்துண்டிருக்கார், பார். அவரை எழுந்திருங்கோன்னு சொன்னா இந்தக் கல்யாணம் இருக்கற வரைக்கும் பேசிண்டிருப்பா. உக்காந்தவா சாப்பிடட்டும். நீ அந்த டி.வி.யைப் பிடுங்கு."

வினோத் படிகளில் தாவி ஏறிப் போனான். அதற்குள் பெண்ணின் அம்மா படியில் வந்து நின்றுவிட்டார். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். "மாமி, கூறைப் புடவை கட்டிட்டா. முகூர்த்தம் தப்பறதுக்குள்ள வெளியே கூட்டிட்டு வரணும். சேரெல்லாம் காலியா இருக்கே. யாருமே இல்லாம எம்பொண்ணுக்குத் தாலி கட்டணுமா?" என்றவர் உடைந்து அழுதுவிட்டார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

மாமி நேராகச் சின்ன ஹாலுக்குள் போய், அந்த வயதான தம்பதியின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"மேல ஒரு பொண்ணுக்குத் தாலி ஏறப் போறது. என் தப்பால ஹால் காலியாயிடுத்து. நீங்க எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் மேல வந்து ஆசீர்வாதம் பண்ணணும். உங்க சாப்பாடு நேரமானாலும் என் பொறுப்பு."

அங்கே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தில் போய் எப்படி உட்காருவது என்று யாரோ சொன்னார். அந்த வயதான அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கழுத்தில் புதுத் தாலி மஞ்சள் காயாமல் இருந்தது. மடிசாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, வாங்கோ. கொழந்தைக்கு நேரமாறது" என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்புறம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? மொத்தக் கூட்டமும் பின்னால் ஏறியது.

பெண் மணையில் உட்காரும்போது முன்வரிசைகள் நிறைந்திருந்தன. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம், "நீங்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா, கீழ் ஹால் பக்கம்."

நிஜக் கெட்டிமேளம் முழங்கியது. யாரென்றே தெரியாத அத்தனை பேரும் எழுந்து நின்று அட்சதை போட்டார்கள். தாலி கட்டியதும் அறுபது முடிந்த அந்தத் தம்பதியின் காலில் பெண்ணும் மாப்பிள்ளையும் விழுந்தார்கள். இப்படி ஒரு ஆசீர்வாதம் தேடிப் போனாலும் கிடைக்காது என்று பெண்ணின் அம்மா எல்லாரிடமும் சொன்னார். நான் கடைசி வரிசையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா டைனிங் ஹால் வாசலில் மாமியைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் இல்லாமலே தாலி கட்டியாச்சு. முன்னால நின்னு நடத்த வேண்டியவரு பாயசம் குடிச்சிட்டிருந்திருக்காரு. இதுக்கா உங்களுக்குப் பேரு?"

வினோத் முன்னால் போகப் பார்த்தான். மாமி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, "தப்பு என்னுது. என்னை மன்னிச்சுக்கணும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். சாஃப்ட்வேர் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் தொழிலில் அந்த மாதிரிப் பேச்சு அதுவரை கேட்டிருக்கமாட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

5. மாமியின் தீர்ப்பு

கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு சமையல்கட்டுக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வினோத் சாப்பிடவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்காமலே விளக்கினான். அப்சர்வரில் பிழையில்லை. சொல்ல வேண்டியதை அது எல்லாருக்கும் ஒழுங்காகச் சொல்லிவிட்டது. யாருடைய தாலி என்று சொல்லத்தான் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனித்தனி ஆப்ஜெக்ட் வேண்டும். மேல் ஹாலில் நடப்பதை மேல் ஹாலைக் கவனிப்பவர்கள் மட்டும் கேட்க வேண்டும். கிளாஸுக்குக் கல்யாணம் என்ற பெயரே தப்பு, விசேஷம் என்று இருக்க வேண்டும்.

மாமி கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் அரிப்பு அடங்கவில்லை. "மாமி, வேற எந்த விசேஷத்துல எல்லாம் தாலி கட்டுவாங்க?"

"எழுபதுல பீமரத சாந்தி. எண்பதுக்கு மேல சதாபிஷேகம். சில பேர் அறுபது ஆரம்பத்துலேயே உக்ரரத சாந்தின்னு பண்ணிப்பா, அது அவாவா வழக்கம். உபநயனத்துல தாலி கிடையாது, ஆனா கெட்டிமேளம் உண்டு. முதல் நாள் நிச்சயதார்த்தத்துக்கும் உண்டு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "எதுக்குக் கேக்கறே? இன்னும் இதை விடறதா இல்லையா நீங்க?"

வினோத் லேப்டாப்பை மூடினான். "இல்ல மாமி. உங்களுக்கு இவ்ளோ கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டு, மறுபடி ட்ரை பண்றேன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. எம்.டி. கிட்ட நானே சொல்லிடறேன். மூடிடலாம்." அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மாமி எழுந்து உள்ளே போய், ஒரு இலையில் சாதமும் ரசமும் தானே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"முதல்ல சாப்பிடு. அப்புறம் கேளு. இனிமே வேற ஒருத்தர் ஆத்துக் கல்யாணத்துல இதை வெச்சுப் பாக்க நான் ஒத்துக்கமாட்டேன். அந்தம்மா அழுததைப் பாத்தியோல்லியோ?"

வினோத் தலையாட்டினான்.

"தையில எங்காத்துல கல்யாணம். என் பொண்ணுது. அதுல போடு. தப்பு வந்தா எங்காத்துல வரட்டும்."

வினோத் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சாதத்தைப் பிசைந்து வாயில் போட்டான். கண்ணீர் ரசத்தில் விழுந்ததை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். பேட்டர்ன் என்பது யாருடைய சிக்கலுக்கோ கிடைத்த நல்ல பதில். நம் முன்னால் இருப்பதும் அதே சிக்கல்தானா என்று கேட்பது நம் வேலை, அதிலும் டெஸ்டரின் வேலை. யாராவது "ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொன்னால், அவர்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டது எது என்று துருவிக் கேளுங்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதாக இருந்தால், தவறினால் வலிக்கப் போவது யாருக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியைப்போல என் வீட்டிலேயே வரட்டும் என்று சொல்கிறவர் எல்லாருக்கும் வாய்க்கமாட்டார்.

சாயங்காலம் மண்டபத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நான் ஏறப் போனேன். வினோத் ஏறவில்லை.

"அக்கா, மாமி பொண்ணு கல்யாணத்துல இன்னா இன்னாலாம் தப்பா போவும்? ஒண்ணு வுடாம சொல்லு."

ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தேன்.